அத்தையின் படத்தில் நின்றவள்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் அம்மை போட்டுப் படுத்திருந்த நாட்களில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள்? சொறியக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, வெயிலில் தலைகாட்டக் கூடாது என்று வேப்பிலைமேல் போட்டுவைத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கண்ணுக்கு எதிரே எது இருந்ததோ, அது ஆயுசுக்கும் மறப்பதில்லை. என் தோழி ஒருத்திக்கு ஒரு நாள்காட்டி. அந்த மாதத்தில் எந்தத் தேதி என்ன கிழமை என்று அறுபதைத் தாண்டிய இந்த வயதிலும் கடகடவென்று சொல்வாள். கட்டிய கணவரின் செல்போன் எண் மட்டும் அவளுக்கு நினைவில் நிற்காது. எனக்கு வாய்த்தது என் அத்தை வரைந்த படம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு எட்டு. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இரண்டே வீடுகள் இருந்த காலம். இன்று அங்கே வந்து நின்று ஏரி எங்கே என்று கேட்டால் ஐந்து மாடிக் கட்டடத்தைக் காட்டுவார்கள், அதனால் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் முன்னறை, சமையலறை, பின்பக்கம் ஓர் அறை. பின்னறை அத்தைக்கும் எனக்கும். அத்தை தினமும் தாம்பரத்தில் ரயிலேறி நகரத்து ஓவியக் கல்லூரிக்குப் போவாள். நகக்கண்ணில் நீலமோ பழுப்போ ஒட்டியிருக்கத் திரும்பி வருவாள். அந்தக் கையால் எனக்குச் சோறு பிசைய அம்மா விடமாட்டாள். டர்பன்டைன் வாடை குழந்தை வயிற்றுக்கு ஆகாதாம். எனக்கு அந்த வாடை பிடிக்கும். இப்போதும் யாராவது கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் அந்தத் தெருவில் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன்.

படத்துக்கான சட்டத்தைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான் அத்தை கண்டுபிடித்தாள். ஏதோ பெரிய வீட்டில் கண்ணாடி பதித்திருந்த தேக்குச் சட்டம். கண்ணாடி உடைந்து போய்விட்டது. கட்டில் அகலம், என் உயரத்துக்கு மேல் நீளம். பஸ்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். அதனால் சட்டத்தைப் படுக்கைவாட்டில் இடுப்புயரத்துக்குத் தூக்கி, முன்னால் நான், பின்னால் அத்தை, இரண்டு பேரும் அதற்கு உள்ளே நின்றபடி ரயில் நிலையம் வரைக்கும் நடந்தோம். தோல் கிடங்குகளின் நாற்றம் காற்றில் வந்தது. வழியில் எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 'சிரிக்கட்டும், நாம படத்துக்குள்ள போறோம், அவங்க வெளிய நிக்கறாங்க' என்றாள் அத்தை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கும் நடந்து போனதில்லை. கல்யாண ஊர்வலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தில் காடாத்துணியை இழுத்துக் கட்டி, பசை பூசி, வெள்ளை பூசி, மூன்று மாதம் வரைந்தாள். படத்தில் என்ன இருந்தது என்று சொல்வது கஷ்டம். ஏனென்றால் அதில் எதுவுமே இன்னதாக இல்லை. தரையும் வானமும் ஒரே நிறம், மத்தியான வெயிலில் ஏரி வெளுத்துக் கிடக்கும் நிறம். எங்கே தரை முடிகிறது என்று விரல் வைக்க முடியாது. நடுவில் வெளிறிய மூன்று உருண்டைகள். நுங்கு என்றால் நுங்கு, எலும்பு என்றால் எலும்பு. வலப்பக்கம் சிவப்பாக ஒன்று, எதிலிருந்து தொங்குகிறது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் உயரமாக, பச்சையும் சாம்பலும் கலந்து ஓர் உருவம். இடுப்பில் குறுகி, உச்சியில் மடிந்து, நிற்கிறதா, யாருக்காகவோ காத்திருக்கிறதா, அல்லது இப்போதுதான் திரும்பிக்கொண்டதா என்று சொல்ல முடியாத ஒன்று. அதன் மேனியில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிழலும் ஒவ்வொரு திசையில் விழுந்திருந்தது.

அப்பா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தலையைச் சாய்த்துப் பார்த்து, 'இது நேரா வச்சிருக்கா, தலைகீழா வச்சிருக்கா?' என்று கேட்பார். அம்மா அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். மீன்காரம்மா ஒருத்தி வருவாள், கடற்கரைக் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு. பின்னறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'கடலுக்கு அடில கீற பாறை இது. எங்க வூட்டு ஆம்பள முங்கிப் பாத்துட்டு வந்து இப்டிதான் சொல்லும்' என்றாள். அத்தைக்கு அவள் சொன்னது மட்டும் பிடித்திருந்தது. இதற்கு சர்ரியலிசம் என்று பெயர், கனவில் வருகிற மாதிரி வரைவது, இன்னது என்று சொல்லிவிட்டால் செத்துப்போய்விடும் என்று எனக்கு விளக்கினாள். எது செத்துப்போகும், படமா கனவா என்று கேட்டேன். இரண்டும் என்றாள்.

அந்தப் படம் ஒரு காரியத்துக்காக வரையப்பட்டது. வடக்கே ஓர் ஊரில் உதவித்தொகையோடு இரண்டு வருஷம் தங்கி, வேறு கவலையில்லாமல் வரைய, தென்னாட்டிலிருந்து ஒரே ஒருவரை எடுக்கப்போகிறார்கள். ஆளுக்கு ஒரு படம்தான் அனுப்பலாம். குறிப்பிட்ட வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நகரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தையின் ஓவிய மாஸ்டர் ஒருநாள் வந்து படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். போகும்போது அப்பாவிடம், உங்கள் தங்கை போய்விடுவாள், இப்போதே மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள் என்றார். அப்பா சிரித்துத் தலையாட்டினார். அம்மா அந்த அறையில் அரிசி மூட்டையை வைத்துக்கொள்ளலாம், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தூளியும் கட்டலாம் என்று சமையலறையிலிருந்து சொன்னாள். அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு அம்மை போட்டது.

அந்தக் காலத்து வீடுகளில் அதன் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை சொருகினார்கள். தாளிப்பு நின்றது. தலைவாருவது நின்றது. வீட்டில் இருப்பது நோய் இல்லை, அம்மன். மேலே கிளம்பியிருப்பது கொப்புளம் இல்லை, முத்து. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீரோடு அம்மனைச் சந்தோஷமாக வழியனுப்பும் வரைக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைகூட வெளியே போகக் கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதால் அம்மா என் பக்கத்தில் வரவே கூடாது என்று ஆயிற்று. அத்தைக்குச் சிறுவயதிலேயே அம்மை போட்டு முடிந்துவிட்டது. ஆகவே பின்னறையில் நான், அத்தை, அந்தப் படம்.

அத்தை கல்லூரிக்குப் போகவில்லை. வேப்பங்கொத்தால் என்னைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வேப்பிலை வாசனையும் டர்பன்டைன் வாசனையும் கலந்து அறையில் மூன்றாவதாக ஒரு வாசனை உண்டாயிற்று. தலைக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானங்கள் ரீங்காரமிட்டு வட்டமடிக்கும். தொலைவில் மின்சார ரயில் ஊதும். நான் சொறியக் கையை எடுக்கும்போதெல்லாம் அத்தை படத்தைக் காட்டி, 'அங்க பாரு, அவ உடம்பு பூரா எவ்ளோ முத்து. ஒண்ணையாவது சொறியறாளா? எவ்ளோ சமத்தா நிக்கறா' என்பாள். அந்தப் பச்சை உருவத்தைத்தான் சொன்னாள். அதற்கு முன்பு அத்தை அதை அவள் என்று சொன்னதில்லை. இன்னது என்று சொன்னால் செத்துப்போகும் என்றவள், நான் சொறியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தானே அதைச் சொன்னாள்.

காய்ச்சல் அதிகமான ஒரு நாள் பிற்பகலில் நான் அவளைப் பார்த்தேன். இப்போதும் அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஜன்னல் வெயில் படத்தின்மேல் விழுந்து, தரையும் வானமும் சேர்ந்து அசைந்தன. உருண்டைகள் மெல்ல இடம் மாறின. பச்சைக்காரி மடிந்திருந்த தலையை நிமிர்த்திச் சட்டத்தைத் தாண்டி இறங்கி வந்தாள். அவளுக்கு முகமில்லை. ஆனால் என்னைப் பார்ப்பது தெரிந்தது. குளிர்ந்த எதையோ என் வாயில் ஊற்றிவிட்டு, அவசரம் இல்லாமல் திரும்பிப் போய் முன்புபோலவே நின்றுகொண்டாள். அவள் நிழல்மட்டும் சற்றுப் பின்தங்கி, கட்டிலுக்கடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

கண் விழித்ததும் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவிடம், 'படத்துல நிக்கறவங்க எனக்குத் தண்ணி குடுத்தாங்க' என்றேன். அன்று மாலை காய்ச்சல் இறங்கியது.

அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தாள். நிலைப்படியைத் தாண்டாமல், வயிற்றில் கைவைத்தபடி நின்று பார்த்தாள். இடுப்பு தெரிந்தது அவளுக்கு, குனிந்த சிரசு தெரிந்தது, மேனியெங்கும் முத்து தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை பதறிப்போய், அது பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சாயத்தைத் தொட்டுத் தெளித்தது அண்ணி, வெறும் புள்ளி என்றாள். 'நீ தெளிச்சே சரி. தெளிக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?' என்று அம்மா கேட்டாள். இந்தக் கேள்விக்கு எந்தக் கல்லூரியில் பதில் சொல்லித் தருகிறார்கள்?

மறுநாள் வந்த மீன்காரம்மா அம்மை வீடு என்று கூடையைத் தெருக்கோடியிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். கடலடிப் பாறை என்று சொன்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 'அன்னிக்கு கண்ணு இருந்தும் தெரியாம பேசிட்டேன்மா. இப்ப நல்லா தெர்து. நின்னுகினு கீறா பாரு' என்று சொல்லி அழுதாள். அவள் கூடை போன வழியெல்லாம் செய்தியும் போயிற்று. இரண்டு நாளில் பின்னறை ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசை. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்தும் வந்தார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மாகூட எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார், அவருக்கு மாதா தெரிந்தாராம். ஒருவருக்கும் அந்தச் சிவப்பு என்ன, உருண்டைகள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. தேவையானது தெரிந்துவிட்டால் மீதியை யார் பார்க்கிறார்கள்?

அத்தை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை மூன்றாம் தண்ணீர். அதோடு அம்மன் கிளம்பிவிடுவாள், அதன்பின் வீட்டிலிருந்து சாமான் வெளியே போகத் தடையில்லை. அன்று சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. அம்மாவும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அம்மன் படத்தை விட்டுப் போகிறாளா, இல்லை படத்திலேயே தங்குகிறாளா என்று குழந்தையைக் கேட்க வேண்டும். அம்மை கண்டவர்கள் வாயில் வருவது அவள் வாக்கு. அத்தை ஒத்துக்கொண்டாள். குழந்தை நான்தானே. படத்துக்குள்ளே அவளோடு நடந்து வந்தவள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம், சாப்பிட வந்த அப்பாவும் அம்மாவும் முன்னறையில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அத்தைக்கு வடக்கே குளிர் தாங்குமா என்றாள் அம்மா. இரண்டு வருஷம் என்பது நாலாகும், அங்கேயே யாரையாவது பார்த்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை என்றார் அப்பா. போகாதே என்று இரண்டு பேரும் சொல்லப்போவதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. அதுவரைக்கும் படம்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். படத்தின் பின்னாலேயே அத்தையும் போகிறாள் என்பது உடம்பு முழுக்க முத்து காய்ந்து உதிரத் தொடங்கிய அந்தப் பகலில்தான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை வந்தது. வெயிலில் வைத்த அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. எனக்குத் தலைக்கு ஊற்றி, புதுப்பாவாடை கட்டி, படத்துக்கு எதிரே மணையில் உட்காரவைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். மீன்காரம்மா முன்வரிசையில். அப்பா லீவு போட்டுவிட்டுச் செய்தித்தாளோடு முன்னறையில். வாசலில் மாஸ்டர், படத்தை ரயில் நிலையத்துக்கு எடுத்துப்போக ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டியைப் பேசிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அத்தை நல்ல சேலை கட்டி, படத்தைக் கட்டுவதற்குப் புதுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

அம்மா என்னைக் கேட்டாள். 'பயப்படாம கேட்டுச் சொல்லு கண்ணு. அவ போறாளா, இருக்காளா?'

உடம்பில் காய்ச்சல் இல்லை. தலை தெளிவாக இருந்தது. படத்தில் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அது என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

'போகமாட்டாளாம்' என்றேன்.

பிறகு, யாரும் கேட்காமலேயே, நானாக இன்னொன்றும் சொன்னேன். 'அனுப்பினா வீட்டுல இன்னொருத்தருக்கு முத்து போட்டுடுவாளாம்.'

அம்மாவின் கை வயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன். எட்டு வயதுக் குழந்தைக்கு இது எப்படித் தோன்றியது என்று நீங்கள் கேட்கலாம். எட்டு வயதில்தான் தோன்றும். வீட்டில் யாருக்கு எதைச் சொன்னால் வலிக்கும் என்று குழந்தைகளுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியவர்களுக்குத் தெரியாது. அம்மா மஞ்சளைக் குழைத்து, குங்குமத்தை எடுத்து, ஈரக்கையோடு அந்தத் துணிமேல், குனிந்த அந்த உச்சியில், அழுத்தி வைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். குங்குமம் நீரோடு கரைந்து பச்சைமேல் ஒரு கோடாக இறங்கி, வெளுத்த தரையில் போய் நின்றது.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி, 'கொழந்தை சொல்றாளே' என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அப்பாவுக்கு அம்மன்மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. தங்கையைத் தனியாக அனுப்பத் தைரியமில்லை. அதைச் சொல்லவும் தைரியமில்லை. அம்மன் முன்னால் நின்றதும் அவர் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மாஸ்டர் சண்டை போடுவதற்காகத்தான் உள்ளே வந்தார். வாசலில் இத்தனை செருப்புகளைப் பார்த்ததும் அவரும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். செருப்பில்லாமல் வந்தவரைச் சாமி கும்பிட வந்தவர் என்று பெண்கள் வழிவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் மீன்காரம்மா நெற்றியில் விபூதி பூசிக் கையில் வேப்பிலையும் கொடுத்துவிட்டாள். படத்தில் வழிந்திருந்த சிவப்பைப் பார்த்தார். அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். வாசலுக்கு வந்து, 'வேற ஒண்ணு போடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வெறும் வண்டியில் ஏறிப் போனார். அத்தை கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். அதில்தான் அப்புறம் பல வருஷம் துணி காயப்போட்டோம்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதன்பின் அந்தப் படத்தை யாரால் அசைக்க முடியும்? வெள்ளி செவ்வாய் குங்குமம், ஆடி மாதம் முழுக்க மஞ்சள், தினமும் கற்பூரம். முதலில் பச்சைக்காரி மறைந்தாள். பிறகு உருண்டைகள். சிவப்பு மட்டும் வெகுநாள் தாக்குப்பிடித்தது. நான் கல்யாணமாகிப் போகும்போது அது ஒரு மஞ்சள் பலகை, மேலே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். யாரும் அழிக்கவில்லை. கும்பிட்டே காணாமல் போக்கிவிட்டோம்.

அத்தை வேறு படம் வரையவில்லை. அந்த வருஷமே பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்து, கரும்பலகையில் கிளியும் மாங்காயும் போட்டுப் போட்டு ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு விசேஷத்துக்கு வருவாள், சாமி அறைக்குள் மட்டும் நுழையமாட்டாள். அத்தைக்குப் பக்தி குறைச்சல் என்று அம்மா கடைசிவரை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊம் கொட்டியிருக்கிறேன்.

போன வருஷம் அம்மா போனாள். வீட்டைக் காலி செய்யும்போது படத்தை என்ன செய்வது என்று வெளிநாட்டிலிருக்கும் தம்பியைப் போனில் கேட்டேன். ஏதாவது அரசமரத்தடியில் வைத்துவிட்டு வா அக்கா, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றான். அவனும் தப்பாகச் சொல்லவில்லை. கண்ணாடி உடைந்த சாமி படங்களும் கைபோன பொம்மைகளும் மரத்தடிக்குத்தான் போகின்றன. நானும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து மரம்வரைக்கும் கொண்டுபோனேன். மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டடி எடுத்து வைத்தேன். முன்னால் நானும் பின்னால் அத்தையுமாக அந்தச் சட்டத்துக்குள் நடந்துவந்தது ஞாபகம் வந்துவிட்டது. என்னால் முடியவில்லை. டிரைவரிடம் மறுபடி ஏற்றச் சொன்னேன். 'சாமிய எங்கதாம்மா எறக்கணும்?' என்று சலித்துக்கொண்டார். குரோம்பேட்டைக்கு விடச் சொன்னேன்.

கதவைத் திறந்த அத்தை சட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள். தேக்கை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். சுவரில் சாய்த்து வைத்தோம். அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். இவ்வளவு வருஷம் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

'அன்னைக்கு நான் பொய் சொன்னேன் அத்தை. அது எதுவும் சொல்லல.'

'தெரியும்' என்றாள். 'படத்தைப் பாத்தா சொன்ன? என் கைல இருந்த கயித்தைப் பாத்து இல்ல சொன்ன.'

தெரிந்தும் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, எனக்கு ஓர் அறை விழுந்திருக்கும், நீ போயிருப்பாய் என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. தப்புச் செய்தவளே கோபித்துக்கொள்வதைப்போல இருந்தது.

அத்தை அழவில்லை. 'கோவம் இல்லாம இல்ல. பத்து வருஷம் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல' என்றாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'அண்ணா போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. அண்ணி அரிசி மூட்டைக்கு எடம் பாத்தாச்சு. அந்த வீட்டுல என்னைப் போகாதன்னு சொன்னது நீ ஒருத்திதான்டி. அதைப் போய் பொய்னு நானே எப்படிச் சொல்றது?'

கீழே ஜிஎஸ்டி ரோட்டின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அத்தை எழுந்துபோய்ப் பஞ்சைக் கொண்டுவந்தாள். கொஞ்சம் கிள்ளி உருட்டி, வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, படத்தின் இடது ஓரத்தை மெதுவாக, வட்டமாகத் தேய்த்தாள். பஞ்சு மஞ்சளாயிற்று. இன்னொரு பஞ்சு, அது சிவந்தது. அப்புறம் ஒன்று கறுத்தது. அதற்கும் அடியிலிருந்து, ஒரு விரல்நக அளவுக்கு, பச்சை வந்தது. பச்சையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

'என்ன தெரியுது சொல்லு' என்றாள்.

பார்த்தேன். இடுப்பு தெரியவில்லை, சிரசு தெரியவில்லை, முத்தும் இல்லை.

'எதுவும் தெரியல அத்தை.'

'இப்பதான் ஒழுங்காப் பாக்கற' என்று சொல்லி, பஞ்சை என்னிடம் நீட்டினாள்.

நான் தயங்கினேன். எச்சில் கையோடு அந்தப் பக்கம் போனால் அம்மா எப்படிக் கத்துவாள் என்று எனக்குத்தானே தெரியும். அந்தக் கற்பூர வாசனை அதிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் தொட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தண்ணீர் சாயத்தைத் தூக்கிவிடும், எச்சில்தான் சரி என்றாள்.

'பாத்துத் தேய்' என்றாள். 'மேல இருக்கறது உங்கம்மாவோடது. கீழ இருக்கறது என்னுது.'

பஞ்சை வாயில் வைத்துக்கொண்டேன்.